விசிறியும் நாடியும்

நீர்ச்சறுக்கு பிறந்த இடம் மினசோட்டாவின் பெப்பின் ஏரி. 1922இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்னும் 18 வயது இளைஞர் இரு பலகைகளைக் காலில் பூட்டி அதன்மீது சறுக்கினார். அதே ஏரியில் நண்பர்கள் நால்வர் பழைய சறுக்குப்படகொன்று வைத்திருக்கிறோம். சென்ற கோடையில் அது திணறத் தொடங்கியது. நிமிடத்திற்கு 4,400 சுற்றுகளைத் தொட்ட இயந்திரம் 3,600ஐத் தாண்ட மறுத்தது.

புரொப்பெல்லரை மாற்றச் சொன்னார்கள். விசிறி ஒரு சுற்றில், வழுக்கல் இல்லையெனில், முன்னேறும் தொலைவே பிட்ச். அதை 13 அங்குலத்திலிருந்து 12ஆகக் குறைத்தால் சுற்று ஏறும். சறுக்குபவரை நீரிலிருந்து தூக்கும் இழுவையும் கூடும். உச்சவேகம் சற்றுக் குறையும்.

நாங்கள் இசையவில்லை. இத்தனை ஆண்டுகள் இதே விசிறிதானே ஓடியது? அதன் இதழ்களில் நெளிவில்லை. படகின் எடையும் கூடவில்லை. மாறியிருப்பது இயந்திரம்தான். கார்பரேட்டரைப் பிரித்தோம். பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்திருந்தது. துடைத்துப் பூட்டியதும் முள் 4,300ஐ எட்டியது.

சிறு பிட்ச் விசிறி அந்த முள்ளை ஏற்றியிருக்கும், நோயையும் மறைத்திருக்கும். எரிபொருள் குறைந்த கலவையில் பாரம் இழுக்கும் இயந்திரத்தில் வால்வும் பிஸ்டனும் கருகும். விசிறி, இயந்திரத்தின் நாடியைக் காட்டும் கருவியும்கூட. நலமான இயந்திரத்திற்கே விசிறி தேர்ந்தெடுக்க வேண்டும்.