பச்சை இலையும் கறுப்புப் பீரும்



மார்ச் 17ஆம் நாள் அயர்லாந்து மக்களின் திருநாள். அந்நாட்டில் கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பிய புனித பேட்ரிக்கின் நினைவு நாள் அது. ஷாம்ராக் என்னும் மூவிலைப் பூண்டைச் சட்டையில் குத்திக்கொண்டு தேவாலயத்துக்குப் போவார்கள். பிறகு ஊர்வலம், விருந்து. மாலையில் நண்பர்கள் கூடினால் பீர். கடைசிக் கிண்ணத்தில் அந்த இலையைப் போட்டுக் குடிப்பது பழைய வழக்கம்.

"அந்த ஊர்ப் பண்டிகை நமக்கெதற்கு, வாத்தியாரே?" என்கிறீர்களா? நம் வீட்டுத் தீபாவளி மேசையில் நிற்கிறதே கறுப்பு ஸ்டவுட், அதற்குப் பேர் வாங்கித் தந்தது அந்த நாடுதான். 1759இல் ஆர்தர் கின்னஸ் என்பவர் டப்ளின் நகரில் ஆலை தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய ஸ்டவுட் இன்று நம் சுங்கைவேயிலும் காய்ச்சப்படுகிறது.

அதை ஊற்றுவதற்கும் அங்கே ஒரு முறை உண்டு. கிண்ணத்தைச் சாய்த்து முக்கால் பங்கு ஊற்றுவார்கள். நுரை மேலேறி, கறுப்பும் வெண்மையும் தனித்தனியாகப் பிரியும்வரை பொறுத்திருந்து, பிறகே நிரப்பித் தருவார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். பச்சைச் சாயம் கலந்த பீரோ அமெரிக்காவில் கிளம்பிய வேடிக்கை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பீருக்குப் பெயர்போன அதே நாட்டில், 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் திருநாளன்று மதுக்கடைகளை மூடிவிட்டார்கள்! 1960இல் வந்த சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. டப்ளினில் அன்று நடக்கும் நாய்க் கண்காட்சியில் மட்டும் மது கிடைக்குமாம். அங்கே போனவர்கள் எல்லாரும் நாயைப் பார்க்கவா போயிருப்பார்கள்? சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடை மூடிக் கிடந்தும் திருநாள் செத்துவிடவில்லை.

அதற்கும் முன்பே, 1838இல், கோர்க் நகரில் மேத்யூ பாதிரியார் மதுவிலக்கு இயக்கம் தொடங்கினார். பல இலட்சம் பேர் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள். நமக்கும் அப்படியொரு வரலாறு இல்லையா? 1947இல் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டார்களே!

தீபாவளிக்கு மாணவர்களின் வீடுகளுக்குப் போவேன். "உட்காருங்க சார்" என்று சொல்லி, மரியாதைக்கென்று முதலில் போத்தலைத்தான் திறப்பார்கள். "தேத்தண்ணி போதும், அண்ணே" என்றால் அவர் முகம் வாடும். பலகாரத் தட்டோடு நிற்கும் அண்ணியின் முகமோ மலரும். ஐஸ் கொண்டுவர ஓடுகிறவன் நான்காம் ஆண்டுப் பையன். எந்தப் போத்தல் எத்தனை வெள்ளி என்பதைத் தடங்கலின்றிச் சொல்வான். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவான்.

குடிப்பவரைப் பழிக்க நான் வரவில்லை. விருந்து வைப்பவருக்கு மூன்று வார்த்தை சொல்கிறேன். முதலில் பலகாரமும் தேத்தண்ணியும் வரட்டும். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். பிள்ளைகள் கையில் போத்தலைக் கொடுக்காதீர்கள்; நம் நாட்டில் 2017 முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கவே கூடாது.

விருந்தாளி தள்ளாடாமல் வீடு போய்ச் சேர்ந்தால்தான் அது விருந்து. அவருக்காக அங்கே ஒரு குடும்பம் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறது.