மாற்றுத் தோம்பு

இம்முறை பாடநூலுக்கு வெளியே ஒரு கணக்கு.

என் மகளுக்கு 18 வயது. அண்மையில் முக்குளிப்புச் சான்றிதழ் பெற்றாள். பருவமழை ஓய்ந்ததும் பெர்ஹெந்தியான் தீவில் நாங்கள் இருவரும் ஒன்றாகக் கடலில் இறங்கத் திட்டமிட்டிருக்கிறோம். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "அடியில் அவளுக்குக் காற்று நின்றுபோனால் என்ன வழி? அதைச் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள்."

முக்குளிப்பவரின் முதுகில் உள்ளது பிராணவாயுத் தோம்பு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வழக்கமாக அதில் அடைக்கப்படுவது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே. வாயில் வைக்கும் ரெகுலேட்டரோடு, 'ஆக்டோபஸ்' எனப்படும் மஞ்சள் நிற இரண்டாவது ரெகுலேட்டரும் தொங்கும். துணைவருக்குக் காற்று தீர்ந்தால் அதைக் கொடுத்துக் கரையேற்றலாம். ஆயினும் இரண்டு வாய்க்கும் தோம்பு ஒன்றுதான். அது காலியானால் மஞ்சளும் காலி. கலங்கிய நீரில் துணைவர் ஐந்து மீட்டர் விலகிவிட்டால் அவருடைய மஞ்சளும் எட்டாது. ஆகவே, தனியாக ஒரு மாற்றுக் காற்று வேண்டும்.

கடையில் மகளுக்குப் பிடித்தது 'ஸ்பேர் ஏர்'. தோம்பும் வாய்ப்பகுதியும் ஒன்றாய் அமைந்த சிறு கருவி அது. "தண்ணீர்ப் போத்தல் மாதிரி இருக்குப்பா, இதுவே போதும்" என்றாள். அதன் பெரிய வகை கொள்ளும் காற்று ஏறத்தாழ 85 லிட்டர். மற்றொன்று 'போனி' என்னும் சிறு தோம்பு. தனி ரெகுலேட்டர் பூட்டி முதன்மைத் தோம்பின் பக்கத்தில் கட்டிக்கொள்வது. கனமும் அதிகம், விலையும் அதிகம்.

வீட்டுக்கு வந்து தாளும் பென்சிலும் எடுத்தோம். நாங்கள் இறங்கவிருக்கும் ஆழம் 18 மீட்டர். அங்கே அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் 2.8 மடங்கு, ஆகவே ஒவ்வொரு மூச்சுக்கும் அத்தனை மடங்கு காற்று செலவாகும். அமைதியாக இருப்பவர் நீருக்கு மேலே நிமிடத்திற்கு 15 லிட்டர் சுவாசிப்பதாகக் கொண்டால், பதறியவருக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். நடந்ததை உணர்ந்து, கருவியைத் தேடி வாயில் பொருத்தி, மனத்தை அடக்க ஒரு நிமிடம்: 84 லிட்டர். ஸ்பேர் ஏர் அங்கேயே தீர்ந்தது! மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு நிமிடத்திற்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற இரண்டு நிமிடம். சராசரி அழுத்தம் 1.9 மடங்கு, 114 லிட்டர். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் தங்கினால் இன்னும் 135. மொத்தம் 333 லிட்டர். ஆபத்து வேளையில் அத்தங்கலை விட்டுவிடலாம். அப்போதும் 198 வேண்டும். பதற்றமே இல்லாமல் உடனே ஏறுபவருக்கு 57 லிட்டர் போதும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்படி ஏறக்கூடியவர் உண்டு. புதிதாய்க் கற்றுக்கொண்ட பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் நான் அதை எதிர்பார்க்கமாட்டேன். (ஆறாம் ஆண்டு ஆசிரியர்களே, பெருக்கலுக்கு இதைவிட நல்ல கணக்குக் கிடைக்குமா?)

200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 2 லிட்டர்த் தோம்பு 400 லிட்டர் தரும். 3 லிட்டர் என்றால் 600. மூன்றையே தேர்ந்தெடுத்தோம். விமானத்தில் போவதானால் காலி செய்தாக வேண்டும். கோலா பெசுட் வரை காரிலும் பிறகு படகிலும் போகும் எங்களுக்கு அத்தொல்லை இல்லை.

அதை யார் சுமப்பது? நான் என்றாள் மகள், "நீங்கதான் பலசாலி" என்று. எனக்கு உடன்பாடில்லை. அவள் என் பக்கத்தில் இருந்தால் என் மஞ்சளே போதும். விலகிப்போன நிமிடத்திற்குத்தானே இந்தத் தோம்பு? என் முதுகில் இருந்து அவளுக்கு என்ன பயன்? இரண்டு வாரமாக நீச்சல் குளத்தில், கண்ணை மூடிக்கொண்டே அதை எடுத்து வாயில் வைக்கப் பழகுகிறாள்.

மனைவி அந்தத் தாளை முழுவதும் படித்தார். பின்னர், "அவளுக்குச் சரி, உங்களுக்கு?" என்றார். அவளுடைய மஞ்சள் இருக்கிறதே என்றேன். "விலகிப்போனால்?" என்றார். சம்பளம் வந்ததும் இன்னொரு தோம்புக்கு விலை கேட்க வேண்டும்.