வாப்பாவுக்குக் கேட்க வேண்டும்



'ஹோம் தியேட்டர்' என்றதும் உங்களுள் பலருக்கு நினைவில் எழுவது வீடே அதிரும் ஓசைதான். பிள்ளைகள் கேட்பார்கள், பெரியவர்கள் மறுப்பார்கள். தொலைக்காட்சி வேண்டுமா, வேண்டாமா என்னும் பழைய விவாதத்தை நான் இங்கே கிளறப் போவதில்லை. எங்கள் இல்லத்தில் அது நுழைந்தது பிள்ளைகளுக்காக அன்று. எண்பதைத் தொட்டுவிட்ட என் வாப்பாவுக்காக. இதே தொல்லை உள்ள இல்லங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

"வாய் அசையுது, சொல் விளங்கலையே" என்பது வாப்பாவின் அன்றாட முறையீடு. செய்தியானாலும், கிரிக்கெட் வர்ணனையானாலும் ஒலியை உச்சத்துக்கு ஏற்றுவார்கள். உம்மா எழுந்து உள்ளே போய்விடுவார்கள். சில மாதங்களில் வாப்பா கூடத்துக்கு வருவதையே குறைத்துக் கொண்டார்கள். இஷாவுக்குப் பின் குடும்பமே கூடியிருக்க, அவர்கள் மட்டும் தனியறையில் இருப்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

முதுமையில் செவிப்புலன் குறையும்போது முதலில் மங்குவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள் என்றார் செவி மருத்துவர். உயிரெழுத்துகளின் ஓசை விழும். ச, த, ப போன்ற மெய்களின் கூர்மை விழாது. ஆகவே ஒலியைக் கூட்டக் கூட்ட இரைச்சல் பெருகுமே தவிர, சொல் தெளியாது. (மருத்துவரிடம் காட்டுவதே முதற்காரியம். காதுக் கருவியும் வாங்கினோம். அது பெரும்பாலும் வாப்பாவின் சட்டைப்பையில்தான் இருக்கும்!) இன்றைய மெல்லிய தொலைக்காட்சிகளிலோ ஒலிபெருக்கிகள் மிகச் சிறியவை, பலவற்றில் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைந்தவை. ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி நின்று பேசுவதைப் போன்றது அது.

1992இல் திரையரங்குகளுக்கு வந்த டால்பி டிஜிட்டலும், இப்போது வீடுகளில் வைக்கும் கருவிகளும் 5.1 என்று ஒரு கணக்குச் சொல்லும். முன்னே மூன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு, ஆக ஐந்து ஒலிபெருக்கிகள். புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று, அடித்தொனிக்கான 'சப்வூஃபர்'. முன் மூன்றில் நடுவில் இருப்பதுதான் உயிர்நாடி. திரைப்படத்தின் உரையாடல் பெரும்பாலும் அதன் வழியேதான் வரும். செய்தி இரண்டு தடங்களில் வந்தாலும், இடத்துக்கும் வலத்துக்கும் பொதுவான குரலைப் பிரித்து நடுவுக்கு அனுப்பும் வசதி ரிசீவரில் உண்டு. அந்த நடு ஒலிபெருக்கியை மட்டும் 3 அல்லது 4 டெசிபல் கூட்டி வைத்தால், பின்னணி இசை ஒதுங்கி நிற்கும். பேச்சு முன்னே வரும். எங்களுக்கு வேண்டியது இது ஒன்றே.

"இப்போதெல்லாம் 7.1 தான் எல்லோரும் வாங்குகிறார்கள்" என்று கடையில் அழுத்திச் சொன்னார்கள். ரிசீவரும் முன் மூன்றும் போதும் என்று வந்துவிட்டோம்.

வாங்குமுன் அறையைப் பாருங்கள். எங்கள் கூடம் 10 அடி அகலம். தரையெல்லாம் டைல்ஸ், வெறுஞ்சுவர்கள், கான்கிரீட் கூரை. நடுவில் நின்று கைதட்டினால் ஓசை கணீரென்று நீண்டது. அந்த எதிரொலி ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலைமீது போடும். எத்தனை விலை கொடுத்த கருவியும் அதற்குத் தீர்வாகாது. கனத்த விரிப்பும், சன்னலுக்குத் தடித்த திரைச்சீலையும் போட்டோம். வாப்பாவின் புத்தக அலமாரியைப் பின்சுவருக்கு நகர்த்தினோம். கைதட்டினால் ஓசை அங்கேயே நின்றது.

திரையின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பார்த்தோம். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 4 அடி. 7½ அடி தள்ளி அமர்ந்தால் பார்வைக் கோணம் 30 பாகை. கண்ணுக்கு அது இதம். நடு ஒலிபெருக்கியைத் திரைக்கு நேர்கீழே வைத்து, அமர்ந்தவரின் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தினோம். அழகுக்காக அதை அலமாரிக்குள் அடைத்துவிடாதீர்கள்.

சப்வூஃபர் வாங்கவில்லை. அடித்தொனி சுவரைக் கடந்து போகும், எங்களுடையது பொதுச்சுவர். மறுபுறம் பிள்ளை பெற்ற பெண் படுத்திருக்கிறாள். அண்டை வீட்டாரின் உரிமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வாப்பா இப்போது மீண்டும் தம் பழைய நாற்காலிக்கு வந்துவிட்டார்கள். செய்தி வாசிப்பவரின் ழகரத்தைக் கூடத் திருத்துகிறார்கள்! பக்கவாட்டு ஒலிபெருக்கிகள் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். அவற்றுக்கான கம்பிகளைச் சுவருக்குள் குழாயில் ஓட்டி, முனைகளில் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். பெருநாள் செலவு போக மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும்.