கம்ப்ரசர் ஹோஸ்: எந்தப் பத்து எம்.எம்.?

எங்கள் தோட்டத்துச் சாளையில் ஒரு ஹெச்.பி. கம்ப்ரசர் ஒன்று ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிய நேரத்தில், 'காற்றுப் பிடிக்க டவுனில் கடையா இல்லை' என்று கேட்டவர்கள் வீட்டிலேயே உண்டு. இப்போது டிராக்டர், பவர் வீடர், பால் கொண்டுபோகும் மொபெட், மருமகளின் ஸ்கூட்டர் எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன. ரேடியேட்டர் இடுக்கில் அடைத்த தூசியை ஊதவும், ஸ்பிரேயர் நாசில் அடைப்பை எடுக்கவும், கலப்பைக்குப் பெயின்ட் அடிக்கவும் அதுவேதான்.

போன தை மாதம், அறுவடை நேரத்தில் அதன் ஹோஸ் போய்விட்டது. மருமகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஸ்விட்சைப் போட்டாள். டேங்க் நிரம்பியதும் ஹோஸை எடுக்கக் குனிந்திருக்கிறாள். அந்த நொடியில் ஹோஸின் நுனியில் இருந்த பித்தளை மூட்டு தெறித்து, சுவரோரம் கவிழ்த்திருந்த அலுமினிய அண்டாவில் போய் அடித்தது. ஹோஸ் தரையில் சாட்டையாகச் சுழன்றது. நான் ஓடிப்போய் வால்வை அடைத்தேன். அவள் முகத்துக்கும் அந்த அண்டாவுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அண்டாவில் நெளிவு இன்னும் அப்படியே இருக்கிறது.

எடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கம்ப்ரசரோடு வந்த பி.வி.சி. ஹோஸ், தகரக் கூரைச் சூட்டில் கிடந்து கிடந்து விறைத்துவிட்டது. மூட்டுக்கு அருகில் தலைமுடி போல வெடிப்புகள். கிளிப் இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக்தான் பிடி விட்டுவிட்டது.

சின்ன கம்ப்ரசர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்களுடையது 8 கிலோ அழுத்தத்தில் நிற்கும். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ, டயர் கடைக் கணக்கில் சுமார் 114 பவுண்டு. 10 எம்.எம். துவாரம் உள்ள ஹோஸில் அந்த மூட்டை வெளியே தள்ளும் விசை ஆறு கிலோவுக்கு மேல். ஆறு கிலோ எடையை மூட்டில் தொங்கவிட்டு, கம்ப்ரசர் நிரம்பி இருக்கும் நேரமெல்லாம் இறக்காமல் வைத்திருப்பது போல.

புது ஹோஸ் வாங்க ஈரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "10 எம்.எம். ஹோஸ் குடுங்க தம்பி" என்றேன். கடைப் பையன் நீல நிறத்தில் பளபளவென்று ஒரு பி.யூ. டியூபை எடுத்து வைத்தான். பக்கத்தில் கறுப்பு ரப்பர் ஹோஸ் ஒன்றும் இருந்தது. "ரெண்டும் பத்துதானுங்க. இது லேசா இருக்கும், விலையும் கம்மி" என்றான்.

ரெண்டும் பத்து இல்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ரப்பர் ஹோஸுக்குச் சொல்லும் அளவு உள்துவாரத்தின் அளவு. பி.யூ. டியூபுக்குச் சொல்வது வெளிச்சுற்றின் அளவு, ஏனென்றால் அது கனெக்டருக்குள் அப்படியே சொருகிக்கொள்கிற சாமான். 10 எம்.எம். பி.யூ. டியூபின் உள்துவாரம் பொதுவாக 6.5 எம்.எம்.தான். 8 எம்.எம். என்று விற்பதற்கு உள்ளே 5 எம்.எம். பையனும் ஏமாற்றவில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று எம்.எம். வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்றால், நிறைய வரும். ஒரே அளவு காற்று போகும்போது, துவாரம் 6-லிருந்து 8 எம்.எம். ஆனாலே வழியில் வீணாகும் அழுத்தம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். ஸ்கூட்டர் டயருக்கு இது பெரிதில்லை, கொஞ்சம் மெதுவாக ஏறும். பெயின்ட் கன்னுக்கும், நட்டு கழற்றும் கன்னுக்கும் இதுதான் உயிர். டேங்க் மீட்டரில் 8 கிலோ காட்டும், கன்னில் வேகம் இருக்காது. உடனே கம்ப்ரசரில் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். (ஒரு ஹெச்.பி. கம்ப்ரசரை வைத்துக்கொண்டு டிராக்டர் வீல் நட்டை கன்னில் கழற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு ஹோஸை மாற்றினாலும் பலன் இல்லை. ஸ்பேனரும் நீளமான பைப்பும்தான்.)

இனி, எந்தச் சரக்கு என்பது. பி.வி.சி. விலை குறைவு, ஆனால் சூட்டில் இளகும், வருஷம் போகப் போக விறைக்கும். மேலே அச்சடித்திருக்கும் அழுத்தம் சாதாரண சூட்டுக்கான கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்தக் கணக்கு நிற்காது. பி.யூ. லேசு, தரையில் இழுத்தாலும் எளிதில் தேயாது. ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருப்பதை மேஜை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் நீட்டிய தூரத்துக்கு ஓயாமல் பின்னால் இழுக்கும். ரப்பர் கனம், விலையும் பி.வி.சி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். ரப்பரிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஆயில் ஊற்றி ஓடும் கம்ப்ரசரில் காற்றோடு கொஞ்சம் ஆயில் பூச்சும் சேர்ந்தே வரும். சாதாரண ரப்பர் அந்த ஆயிலில் ஊறி உப்பிவிடும். உள்பக்கம் நைட்ரைல் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.

பவர் ஸ்பிரேயர் ஹோஸ் துண்டு ஒன்று எல்லார் வீட்டிலும் மிச்சம் கிடக்கும். அதை மாட்டினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அழுத்தம் தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை தடவை கழுவினாலும் மருந்து உள்ளே ஒட்டியிருக்கும். ஏர் ஃபில்டரை ஊதுகிறவர் மூக்குக்கு நேராக அதைப் பாய்ச்சுவதா? எனக்குச் சம்மதமில்லை. போர்வெல் கம்ப்ரசருக்கு இறக்கும் ஹோஸ் வேறு வகை, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஹோஸை விட மூட்டுக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். கட்டுக்கம்பி சுற்றி முறுக்கிய ஹோஸை எத்தனையோ பட்டறைகளில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்த அண்டா நினைவு வருகிறது. முனையில் உலோக வளையம் வைத்து மெஷினில் அமுக்கித் தரும் கடைகள் ஈரோட்டில் இருக்கின்றன, டிராக்டர் ஹைட்ராலிக் ஹோஸ் செய்பவர்களே செய்து தருவார்கள். அடுத்தது மரை. நம் ஊர்க் கம்ப்ரசர்களில் பெரும்பாலும் பி.எஸ்.பி. மரைதான். கால் அங்குலத்துக்கு இதில் ஓர் அங்குலத்தில் 19 மரை. வெளிநாட்டுச் சாமான்களில் வரும் என்.பி.டி.யில் 18. கையில் திருகினால் இரண்டு மூன்று சுற்று சேருவது போல ஏறும், பிறகு சிக்கும். டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் அந்தக் கசிவு நிற்காது. பழைய நிப்பிளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதே நல்லது.

கடைசியில் நான் வாங்கியது 10 எம்.எம். உள்துவாரம், நைட்ரைல் ரப்பர், 20 பார் வேலை அழுத்தம் என்று அச்சிட்டது, 10 மீட்டர், இரு முனையும் அமுக்கியது. வெடிக்கும் அழுத்தம் என்று இன்னொரு எண்ணும் போட்டிருப்பார்கள், அது மூன்று நான்கு மடங்கு பெரிதாக இருக்கும். அதைக் காட்டி விற்கப் பார்த்தால் வேலை அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். 20 மீட்டர் எடுக்கலாமே என்றார் கடைக்காரர். வண்டியைக் கம்ப்ரசர் பக்கம் கொண்டுவர முடியும்போது இரண்டு பங்கு நீளம் எதற்கு?

மாட்டியதும் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. ராத்திரியில் டேங்க் காற்றை இறக்கி, அடியில் தேங்கும் தண்ணீரையும் திறந்துவிடுகிறோம். ஹோஸைக் கழற்றும் முன் காற்றை இறக்க வேண்டும் என்பதும், மேலில் ஒட்டிய தூசியை அந்தக் காற்றால் தட்டக்கூடாது என்பதும் பேரனுக்குக்கூடப் பாடம். தோலில் காயம் இருந்தால் அந்த அழுத்தக் காற்று உள்ளே போய்விடும், காதுக்கும் கண்ணுக்கும் ஆபத்து.

ஆணியில் தொங்கவிட்டால் ஹோஸ் அந்த இடத்தில் மடிந்து வெடிக்கும். பழைய சைக்கிள் ரிம் ஒன்றைச் சுவரில் அடித்து அதில் சுற்றி வைத்திருக்கிறோம். பழைய ஹோஸை முழ நீளத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறேன். வாழைக்கு முட்டுக் கொடுக்கும்போது கயிற்றை அதற்குள் விட்டுக் கட்டினால் தண்டு அறுபடுவதில்லை.