வந்துட்டியா?

டப்பிங் வசனம் எழுதுவது என் பிழைப்பு. எங்கள் ஊர் குயிலாப்பாளையத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வரியை நாற்பது தடவை முணுமுணுப்பவனைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன நினைக்கிறார்களோ, நான் கேட்டதில்லை. ஷின்சான் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பையனுக்கு நான் எழுதியதில்லை. ஆனாலும் தொழிலில் எனக்கு வாத்தியார் அந்தப் பொடியன்தான்.

யோஷிதோ உசுய் 1990-ல் தொடங்கிய படக்கதை, 1992-ல் டிவிக்கு வந்தது. கதை நடக்கும் கசுகாபே, டோக்கியோவுக்கு வடக்கே நிஜமாகவே இருக்கிற ஊர். பையன் உயிரை விடும் 'ஆக்‌ஷன் காமென்' என்ற வீரனின் பெயரில், படக்கதை வெளிவந்த 'மங்கா ஆக்‌ஷன்' பத்திரிகையின் பெயர் ஒளிந்திருக்கிறது. இதையெல்லாம் தமிழில் கொண்டுவர நான் மெனக்கெட மாட்டேன். தெரிந்தவன் சிரித்துக்கொள்ளட்டும்.

என்னைத் தூங்கவிடாதது வேறொரு சின்ன விஷயம். ஜப்பானில் வீடு திரும்புகிறவர் வாசலில் 'ததாய்மா' என்பார், வந்துவிட்டேன் என்று. உள்ளே இருப்பவர் 'ஒகாஎரி' என்று வரவேற்பார். ஷின்சான் வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே 'ஒகாஎரி' என்பான். அம்மா எரிச்சலோடு திருத்துவாள். அந்த நாட்டில் பிறந்த குழந்தைகூடச் சிரிக்கும். நமக்கோ வீட்டுக்குள் நுழையும்போது சொல்ல ஒரு வார்த்தையே கிடையாது. 'போயிட்டு வர்றேன்' என்று கிளம்புகிறோம், பேசாமல் வந்து சொம்பில் தண்ணீர் குடிக்கிறோம்.

இரண்டு நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கறிகாய் வாங்கித் திரும்பும்போது அம்மா திண்ணையிலிருந்து கேட்டாள்: "வந்துட்டியா?"

அட, இதுதானே! பதில் தேவைப்படாத கேள்வி. பையனே நுழைந்து "வந்துட்டியா?" என்று கேட்க, அம்மா "வந்துட்டேன்மான்னு சொல்லுடா" என்று அதட்டட்டும். விரலை மடக்கி எண்ணினேன். ஒ-கா-எ-ரி நாலு, வந்-துட்-டி-யா நாலு. ததாய்மா கடைசியில் உதடு மூடித் திறக்கும், 'வந்துட்டேன்மா'வும் அப்படியே. யாரும் கேட்காத வேலைக்கு அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம், கூலி வாங்கிய வேலைகளில் கிடைத்ததில்லை.

கூலி வாங்கிய இடத்தில் சறுக்கியும் இருக்கிறேன். வேறொரு ஜப்பானியத் தொடரில் பையன் சோற்று உருண்டை தின்றான்; 'இட்லி' என்று எழுதிவிட்டேன். ஒளிபரப்பானபோது அண்ணன் மகள் திரையைக் காட்டினாள். "பெரிப்பா... ச்சீ, சித்தப்பா, இட்லி எங்கனா முக்கோணமா இருக்குமா? கறுப்பா வேற இன்னாவோ சுத்தியிருக்கு." போகிமான் அமெரிக்காவுக்குப் போனபோது அதே சோற்று உருண்டையை ஜெல்லி டோனட் ஆக்கி, அங்கேயும் கேலிக்கு ஆளானார்கள். கண் பார்ப்பதைக் காது மறுத்தால் பிள்ளைகள் மன்னிப்பதில்லை. அதற்குப் பிறகு தீனிப் பெயர்களில் நான் கை வைப்பதில்லை.

பேச்சில் கை வைப்பது வேறு. ஷின்சானின் அப்பா பனி கொட்டும் வடக்கு அகிதாக்காரர், அம்மா தெற்கே குமமோதோ. இரு தாத்தாக்களும் சந்தித்தால் சண்டைதான். தமிழில் ஒருவர் "ஏல" என்றும், இன்னொருவர் எங்கள் ஊர் மாதிரி "நான் வரச்சொல்ல நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்றும் எகிறினால் எப்படி இருக்கும்! ஸ்டுடியோக்களில் இதற்கு இடம் தர மாட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பொதுத் தமிழ்.

இடம் தெரிந்து பேசுவதைக் கற்க வேண்டுமென்றால் தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரரிடம் போக வேண்டும். மரக்காணம் பக்கம் ஒரு கூத்தில், துரியோதனன் "நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்றான். "பொழியுது மகாராசா, உப்புப் பாத்தியிலதான் பொழியுது, உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு" என்றார் கட்டியக்காரர். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் முந்திரியைச் சாய்த்தபின் அதே செட்டு இந்தப் பக்கம் வந்தது. துரியோதனன் அதே கேள்வியைக் கேட்டான். கட்டியக்காரர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். உப்பை விட்டுவிட்டு, "மழை கிடக்கட்டும் மகாராசா, காத்துக்கு யாரு வரி கட்டுறது?" என்றார்.