இலண்டன் கலைக்கூடம் கற்றுத்தரும் பாடம்

இலண்டன் மாநகருக்குச் சென்று திரும்பும் நம்மவர்களிடம், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அரண்மனை வாயிலில் காவலர் மாறும் காட்சியையும், தேம்ஸ் நதிப் பாலத்தையும், ரீஜண்ட் பூங்காவை ஒட்டிய பெரிய பள்ளிவாசலையும் சொல்வார்கள். தென் கென்சிங்டன் பகுதியில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்றொரு மாபெரும் கலைக்கூடம் இருப்பதைச் சொல்வோர் மிகச் சிலரே. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசக நேயர்களே, இம்மாதம் உங்களை அக்கூடத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகச் செய்தும் சேர்த்தும் வைத்த அழகுப் பொருள்கள் நமக்கு என்ன சொல்கின்றன என்பதைச் சற்று நின்று கேட்போம்.

1851ஆம் ஆண்டு இலண்டனின் ஹைட் பூங்காவில், இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய ஒரு மாளிகையில், உலக நாடுகளின் தொழிற்பொருள்களை வைத்து ஒரு பெருங்கண்காட்சி நடந்தது. நம்முடைய ஆலைகள் ஏராளமாகச் செய்து குவிக்கின்றன, ஆனால் செய்பொருளில் அழகில்லையே என்ற கவலை அந்நாட்டின் அறிஞர் சிலருக்கு இருந்தது. அக்கவலையின் பயனாக 1852இல் பிறந்ததே இவ்வருங்காட்சியகம். 1857இல் இது இப்போதைய இடத்திற்கு வந்தது. இதன் முதல் தலைவரான ஹென்றி கோல், பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளரும் வந்து பார்க்கட்டும் என்று எரிவாயு விளக்கேற்றி இரவிலும் கூடத்தைத் திறந்துவைத்தார். 1899இல் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோதுதான் அரசியார், அவர்தம் கணவர் ஆகிய இருவரின் பெயரும் இதற்குச் சூட்டப்பட்டன.

ஆகவே இது ஓவியங்களை மட்டும் மாட்டிவைத்த இடமன்று. கிண்ணம், தட்டு, பூட்டு, கட்டில், விளக்குத் தண்டு, திரைச்சீலை எனக் குடும்பங்களில் புழங்கும் பொருள்களே இங்கு மிகுதி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்த்த பொன்முலாம் பூசிய மெழுகுவர்த்தித் தண்டு ஒன்று இருக்கிறது. மூன்று மீட்டருக்கும் மேல் அகலமுள்ள கட்டில் ஒன்று இருக்கிறது. 1590களில் செய்யப்பட்ட அக்கட்டில் வேர் என்னும் ஊரின் விடுதிகளில் கிடந்ததாம். அதில் உறங்கியவர்கள் தங்கள் பெயரெழுத்துகளை மரத்தில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பேருந்து இருக்கையில் பெயர் கிறுக்கும் பழக்கம் நம் இளைஞருக்கு மட்டுமே உரியதன்று போலும்!

சிலைகளுக்கு நடுவே

ஐரோப்பியக் கலைக்கூடத்தில் ஒரு முஸ்லிம் எப்படி நடப்பது என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். உருவச்சிலைகளும் வேதக் கதைச் சித்திரங்களும் திரும்பிய திசையெல்லாம் உள்ளன. மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலையின் முழு அளவுப் பிளாஸ்டர் வார்ப்பும் இங்கே நிற்கிறது. நபி தாவூத் (அலை) அவர்களை ஆடையற்ற சிலையாக வடித்ததை நம் உள்ளம் ஏற்பதற்கில்லை. 1857இல் விக்டோரியா அரசியாருக்கு அன்பளிப்பாக வந்த இந்த வார்ப்பு அவரையே திடுக்கிட வைத்ததாகச் சொல்கிறார்கள். அரச குடும்பத்தினர் வரும் நாள்களில் மாட்டுவதற்கென்று பிளாஸ்டரில் ஓர் அத்தி இலையைச் செய்தார்கள். அந்த இலையும் இன்று ஒரு காட்சிப்பொருள்! நாணம் எல்லா மக்களுக்கும் பொதுவான உணர்வு என்பதற்கு அந்த இலையே சாட்சி. நாம் பார்வையைத் தாழ்த்திக் கடந்து செல்வோம். நம் ஈமானுக்குப் பொருந்தாதவற்றை விட்டாலும், கற்பதற்குரியவை இங்கே மலைபோல் குவிந்து கிடக்கின்றன.

கிண்ணத்தின் பயணம்

ஏறத்தாழ அரை மீட்டர் அகலமுள்ள ஒரு மண் கிண்ணத்தைக் காணுங்கள். பொன்னைப் போல மின்னும் அதன் உட்புறத்தில் பாய்விரித்த கப்பல் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. பாயிலே போர்ச்சுக்கல் நாட்டின் சின்னம். கிண்ணம் செய்யப்பட்டதோ பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த ஸ்பெயினின் மாலகா நகரில்! பொன் ஒரு துளியும் இதில் இல்லை. சுட்டு மெருகேறிய கலத்தின்மேல் வெள்ளியும் செம்பும் கலந்த சாந்தால் சித்திரம் எழுதி, புகை நிறைந்த சூளையில் மீண்டும் சுட்டால் இந்த ஒளி பிறக்கும்.

இக்கலையை மட்கலத்தில் கையாண்டு வளர்த்தவர்கள் ஒன்பதாம் நூற்றாண்டு இராக்கின் குயவர்கள். வெள்ளீயம் கலந்த வெண்மெருகைக் கலத்தின்மேல் பூசி அதைப் பால்போல் வெளுக்கச் செய்தவர்களும் அவர்களே. அங்கிருந்து எகிப்துக்கும், பின்பு ஸ்பெயினுக்கும் இவ்வித்தை பரவியது. வலென்சியாவுக்கு அருகிலுள்ள மனிசேஸ் என்னும் ஊரில் கிறிஸ்தவ மன்னரின் ஆட்சியின் கீழும் முஸ்லிம் குயவர்கள் இத்தொழிலைத் தொடர்ந்தார்கள். இத்தாலியச் செல்வர்கள் தங்கள் குலச்சின்னத்தைத் தீட்டிய தட்டுகளை அங்கிருந்து வரவழைத்தார்கள். பிறகு இத்தாலியரே கற்றுக்கொண்டார்கள். குப்பியோ நகரின் ஜியார்ஜியோ என்னும் கலைஞர் பொன்னொளி வீசும் தட்டுகளின் பின்புறத்தில் தம் பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்திருக்கிறார். கற்றுக்கொடுத்த மரபின் வழிவந்தவர்களோ, 1609 முதல் 1614 வரை ஸ்பெயினைவிட்டே துரத்தப்பட்டார்கள். அவர்களில் யார் யார் குயவர் என்று எந்தத் தட்டின் பின்புறமும் சொல்வதில்லை.

"பார்த்தீர்களா, ஐரோப்பாவுக்கு நாகரிகம் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே!" என்று மேடையில் முழங்க இது நல்ல வாய்ப்பு. மீலாது மேடைகளில் இத்தகைய முழக்கத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இராக்கின் குயவர் வெண்மெருகை ஏன் பூசினார்? சீனாவிலிருந்து கப்பலில் வந்த வெண்பீங்கானைக் கண்டு வியந்து, அதைப்போலச் செய்ய விரும்பியதால்தான் பூசினார். பின்னாளில் சீனர் தம் வெண்பீங்கானில் தீட்டிய நீலத்திற்கான கோபால்ட்டோ பாரசீகத்திலிருந்து சென்றது. அந்த நீலப் பீங்கானைப் பார்த்து பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் வெள்ளீய மெருகில் தட்டுகள் செய்தார்கள். 1710இல் ஜெர்மனியின் மைசன் நகரில் ஐரோப்பாவின் முதல் உண்மையான பீங்கான் ஆலை தொடங்கியது. இவை யாவும் இக்கூடத்தின் அலமாரிகளில் இருக்கின்றன. கொடுத்தவரும் நாமே, வாங்கியவரும் நாமே. கற்க வெட்கப்படாதவர்கள் உயர்ந்தார்கள் என்பதே அலமாரிகள் சொல்லும் செய்தி.

வாசிக்கத் தெரியாத எழுத்து

பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியின் நெசவாளர்கள் நெய்த பட்டுத்துண்டுகள் சில இங்கே உள்ளன. கொடிகளுக்கும் பறவைகளுக்கும் இடையே அரபு எழுத்துப் போலச் சில கோடுகள் ஓடுகின்றன. அலிஃப் போல ஒன்று நிமிர்கிறது. லாம் போல ஒன்று வளைகிறது. கூட்டி வாசிக்க முயன்றால் எந்தச் சொல்லும் வருவதில்லை. கீழ்த்திசைப் பட்டில் அரபு எழுத்தைக் கண்டவர்கள் அதன் அழகில் மயங்கி, பொருளறியாமல் வடிவத்தை மட்டும் நெய்தார்கள். அக்காலத்து இத்தாலிய ஓவியர்களும் மர்யம் (அலை) அவர்களின் உருவமெனத் தீட்டிய ஓவியங்களில், தலையைச் சூழும் ஒளிவட்டத்திலேயே இத்தகைய போலி அரபெழுத்தை வரைந்தார்கள்.

இதைக் கண்டு நகைக்கத் தோன்றும். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கோ நகைப்பு வரவில்லை. நம் வீட்டுச் சுவர்களில் பொன்னிற அரபெழுத்துகள் தொங்குகின்றன. அவற்றின் பொருளைச் சொல்லுமாறு அவ்வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் எத்தனை வீடுகளில் விடை கிடைக்கும்? அந்த இத்தாலிய நெசவாளருக்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. நம் பிள்ளைகளுக்கு மதரஸாவும் உண்டு, உஸ்தாதும் உண்டு. பிழையின்றி உச்சரிக்கக் கற்றுக்கொடுத்த அளவுக்குப் பொருளுணரக் கற்றுக்கொடுத்தோமா என்று பெற்றோரும் உஸ்தாதுமாரும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

சோழமண்டலக் கரையின் சீட்டி

சகோதரியர் பெரிதும் விரும்பக்கூடிய காட்சி ஒன்று உண்டு. டேவிட் கேரிக் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புகழ்பெற்றிருந்த நாடக நடிகர். அவருடைய மனைவியாருக்குக் கல்கத்தாவிலிருந்த ஆங்கில வணிகர்கள் கட்டில் திரைகளை அன்பளிப்பாக அனுப்பினார்கள். வெண்பருத்தித் துணியில் செம்மையும் நீலமுமாகப் பூங்கொடிகள் படர்ந்த அச்சீட்டித் துணி சோழமண்டலக் கரையின் மசூலிப்பட்டினத்தில் தீட்டப்பட்டது. 1775இல் சுங்க அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள். காரணம், நம் கரையின் சீட்டிக்கு அந்நாடு அஞ்சியது! தங்கள் நெசவாளர் பிழைக்க மாட்டார் என்று பிரான்சு 1686இலேயே தடைவிதித்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் உடுத்துவதையே தடுத்தது. பல கைகள் மாறி அத்திரைகள் இன்று இக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்த்து, படிகாரத்தால் எழுதி, சாயவேரில் சிவக்கவைத்து, மெழுகிட்டு, அவுரியில் நீலமேற்றி எடுத்த துணி அது. எத்தனை முறை வெளுத்தாலும் சாயம் போகாது. அவ்வித்தைதான் ஐரோப்பியரை வியக்கவைத்தது. இக்கரையின் துணியை மரக்காயர்களின் கப்பல்கள் கீழைத் தீவுகளுக்குக் கொண்டுசென்ற காலமும் உண்டு. அத்துணியை எழுதிய கைகளின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

நூறாண்டுகள் கழித்து வில்லியம் மாரிஸ் என்னும் ஆங்கிலக் கலைஞர், ஆலைச் சாயங்களின் மீது சலிப்புற்று, அவுரித் தொட்டியில் தம் கைகளையே நனைத்து நீலச்சாயம் போடக் கற்றுக்கொண்டார். 1883இல் அவர் அச்சிட்ட, பழம் திருடும் பறவைகள் கொண்ட துணி இன்றும் பெயர்பெற்றது. பாரசீகத்தின் அர்தபீல் கம்பளத்தை இந்த அருங்காட்சியகம் வாங்கியே ஆகவேண்டும் என்று வாதிட்டவரும் அவரே. ஹிஜ்ரி 946ஆம் ஆண்டு என்ற குறிப்போடு, காஷான் நகரத்து மக்சூத் என்னும் பணியாளரின் பெயர் அதில் நெய்யப்பட்டிருக்கிறது. 1893இல் அதன் விலை 2000 பவுன். தம் நாட்டார் கற்க வேண்டும் என்பதற்காக அத்தொகையைக் கொடுக்கச் சொன்ன மனிதரை எண்ணிப் பாருங்கள்.

குவளையும் உறையும்

இறுதியாக ஒரு கண்ணாடிக் குவளை. பதினான்காம் நூற்றாண்டில் சிரியா அல்லது எகிப்தில் ஊதி, நீலமும் செம்மையும் பொன்னுமாக எனாமல் தீட்டியது. இது எவ்வாறோ வட இங்கிலாந்தின் ஈடன்ஹால் என்னும் மாளிகையை அடைந்தது. தேவதைகள் விட்டுச்சென்ற குவளை இதுவென்றும், இது உடைந்தால் அக்குடும்பத்தின் அதிர்ஷ்டமும் போய்விடும் என்றும் ஒரு கதை கட்டிவிட்டார்கள். 1934இல் அந்த மாளிகை இடிக்கப்பட்டுவிட்டது. குவளையிலோ ஒரு கீறலும் இல்லை! நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் கையில் இருக்க, கண்ணாடியின் மேல் நம்பிக்கை வைத்தவர்களின் கதை இப்படித்தான் முடியும்.

ஆயினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. அதற்கென்றே பதினைந்தாம் நூற்றாண்டில் தோலால் ஓர் உறை செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவ்வுறைக்குள் வைத்துக் காத்தார்கள். மூடநம்பிக்கையால் காத்தார்கள் என்றாலும், காத்ததனால் அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய முஸ்லிம் கலைஞரின் கைவண்ணம் நம் கண்ணுக்குக் கிடைக்கிறது. தெளிந்த நம்பிக்கை உடைய நாம் எதைக் காத்தோம்? பாட்டிமார் வைத்திருந்த பீங்கான் சாடியும், பித்தளைப் படிக்கமும், அரபுத் தமிழில் எழுதிய கையெழுத்து ஏடும் வீட்டை இடித்துக் கட்டும்போது எங்கே போகின்றன? பழைய இரும்புக் கடையின் தராசில் எடைபோடப்பட்டு, கிலோக் கணக்கில் விலையாகின்றன. ஏட்டைக் கறையான் தின்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் இன்றே ஏறிப் பாருங்கள். கிடைக்கும் பொருள் யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டின் மூத்தவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஏட்டில் இருப்பதை வாசிக்கத் தெரிந்தவர் இன்னும் உங்கள் ஊரில் இருந்தால், அவர் இருக்கும்போதே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். தராசுக்குப் போனது திரும்பி வராது. பிறரிடமுள்ள நல்லதைக் கற்கும் பணிவையும், நம்மிடமுள்ள நல்லதைக் காக்கும் பொறுப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.