கல்வராயன் மலையில் இரண்டு ஏர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பிரயாணம் செய்பவர்கள், கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் வெள்ளிமலையை அடைகிறார்கள். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4,000 அடி என்று பழைய புத்தகங்கள் கூறும். புதிய புத்தகங்களில் அவை 820 மீட்டரும் 1,220 மீட்டருமாகி விட்டன. மலை என்னவோ அப்படியேதான் நிற்கிறது.

அளவு மாறுவதால் மலைக்கு நஷ்டமில்லை; அதில் உழுது பிழைக்கும் குடியானவருக்குத்தான் சங்கடம். இங்கே வசிப்பவர்கள் மலையாளிகள் என்னும் மலைக்குடிகள். கேரள தேசத்தார் அல்லர். மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த காலத்தில், இவர்கள் நிலத்தின் பரப்புக்குத் தீர்வை கட்டவில்லை. தாம் வைத்திருக்கும் ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என்று வரி செலுத்தி வந்தார்கள். இதைக் காட்டு வழக்கம் என்று நகைக்க வேண்டாம். பாறையும் சரிவுமான பூமியில் பரப்பை அளப்பதைவிட உழைப்பை எண்ணுவது சுலபம். ஆனால் அந்தக் கணக்கில் நான்கெல்லை கிடையாது. 1976-இல் ஜாகீர் முறை போய் ஸர்க்கார் நிர்வாகம் வந்தபின், நிலம் தன்னுடையது என்று சொல்லக் காகிதம் வேண்டியதாயிற்று. காகிதத்தில் எழுதப் பரப்பு வேண்டியதாயிற்று.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பெரியவர் தம் பட்டாவை என்னிடம் காட்டினார். அதில் ஹெக்டேர் என்றும் ஏர் என்றும் இரண்டு கட்டங்கள்.

"வாத்தியாரய்யா, இதுல 62 ஏருன்னு போட்டிருக்காங்க. எங்கிட்ட இருக்கிறது ஒரே ஏருதானுங்களே!" என்று அவர் சிரித்தார்.

பட்டாவின் ஏர், 100 சதுர மீட்டர் கொண்ட பிரெஞ்சு அளவு. 62 ஏர் என்றால் 1 ஏக்கர் 53 சென்ட் என்று கணக்கிட்டுச் சொன்னதும் பெரியவர் முகம் தெளிந்தது. வேடிக்கை என்னவென்றால், நம் சொந்த அளவு போல் வழங்கும் சென்டும் ஆங்கிலச் சரக்கே. 66 அடி நீளமுள்ள கண்டர் சங்கிலியில் பிறந்தது ஏக்கர் கணக்கு. அந்த ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட். உண்மையில் நம்முடையதான காணி, 1 ஏக்கர் 32 சென்ட், வயதானவர்கள் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

விஞ்ஞானிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்று பிரெஞ்சுக்காரர் வகுத்த மீட்டர், 1983 முதல், ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458-இல் ஒரு பாகத்தில் செல்லும் தூரமாயிற்று. கிலோகிராமுக்குப் புது இலக்கணம் அமலுக்கு வந்தது 2019 மே மாதத்தில்; கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானதும் அதே வருஷம் நவம்பரில்தான்!

இத்தனை நுட்பமும் நன்றே. ஆயினும் பட்டாவில் ஹெக்டேருக்குப் பக்கத்தில் ஏக்கர், சென்டையும் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? தன் சொத்தைத் தானே படித்தறிய முடியாதவன், படித்துச் சொல்பவனை நம்பித்தானே கையெழுத்திட வேண்டும்?

மலைக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. நில அளவையில் சரிவின் நீளத்தை எடுப்பதில்லை. சமதளத்தில் விழும் நீளத்தையே எடுப்பார்கள். 30 பாகை சரிவில் 100 அடி நடந்தால் படத்தில் சுமார் 87 அடிதான். வித்தும் களையெடுப்புக் கூலியும் 100 அடிக்கு ஆகின்றன. பாங்கியில் கடன் கேட்டால் 87 அடியே கணக்கு.